இழைப்புளியை மெருகேற்றியவர்

சாணைக்கல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணெய்ப் புட்டி இருக்கும். அவர் அதைத் தொடமாட்டார். தொண்டையைக் காறி, கல்லின் மேல் எச்சிலைத் துப்பி, அதில்தான் கத்தியை வைத்துத் தேய்ப்பார். இரும்புத் துகளும் எச்சிலும் கலந்து சாம்பல் நிறத்தில் ஒரு கூழ் வரும். அதைக் கட்டைவிரலால் வழித்துக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு அதே கையால் தேநீர்க் குவளையை எடுப்பார். அதே கையால் நம் தோளையும் தட்டுவார்.

“எண்ணெய்ல வராத பளபளப்பு இதுல வரும் லா,” என்பார்.

அந்தக் கத்தி சில நாளில் வெல்வெட் துணி விரித்த பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே நாடா கட்டி யாருக்காவது பரிசாகக் கொடுத்துவிடுவார். வாங்கியவர்கள் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வியப்பார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பழைய அடுக்குமாடி வீடுகளின் அலமாரிகளையும் கதவுகளையும் உடைத்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்தித் தரும் நிறுவனம் அது. சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த என் வீட்டிலிருந்து பேருந்தில் கால் மணி நேரம். அவர் பட்டறையின் மேற்பார்வையாளர். நான் மாடி அலுவலகத்தில் கடிதங்கள், அறிக்கைகள், தொலைபேசி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவள். அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே அவர்தான். என் கணவர் வேலையில்லாமல் இருந்த சமயம் அது. பேட்டிக்கு வந்த என்னைக் கீழே பார்த்துவிட்டு, முதலாளியிடம் போய், “நம்ம பொண்ணு, நல்லாப் பாத்துக்கும்,” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. நான் அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை “மா” என்பார்.

நன்றாகத் தேய்த்த சட்டை, சாயமடித்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. வெறுங்கையோடு எங்கும் போகாத மனிதர். தீபாவளிக்கு எல்லாருக்கும் முறுக்கு டப்பா கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கி வருவார். நான் மசக்கையாக இருந்தபோது தினமும் காலையில் என் மேசை மேல் பச்சை மாங்காய்த் துண்டுகள் இருக்கும். “குடுக்கிறதுக்குத்தான் மா கை இருக்கு,” என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கண் கொஞ்சம் கலங்கும். அது நடிப்பில்லை என்று இன்றும் நம்புகிறேன். நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது.

ஆனால் அவர் பெருமையாகக் கொடுத்தவை இந்தப் பழைய கருவிகள்தான். முதலாளிக்கு, ஏதோ ஒரு வாத்துச்சோற்றுக் கடையில் பல வருடம் உழைத்த வெட்டுக்கத்தி. முதலாளியின் அம்மாவுக்கு ஒரு பாக்குவெட்டி. அந்த அம்மா சீனர், பாக்கே போடாதவர். வாடிக்கையாளர் ஒருவருக்குக் கைரம்பம். எல்லாம் கண்ணாடிபோல மின்னும். பிடியில் மூன்று பூச்சு வார்னிஷ். வாங்கியவர்கள் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள், கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். ஒருவரும் அவற்றால் எதையும் வெட்டிப் பார்த்ததில்லை.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “தூக்கிப் போட்டது மா, நான் உயிர் குடுக்கிறேன்,” என்பார். வேலை நடக்கும் வீடுகளில் வேண்டாத சாமான்கள் நிறையக் கிடக்கும் என்பது உண்மைதான். வேண்டிய சாமான்களும் கிடக்கும்.

தெம்பனிஸில் ஒரு வீட்டுக்குச் சமையலறை போட்டுக் கொடுத்தோம். அங்கே தனியாக இருந்த மலாய் அம்மா பல காலம் பாஜு குரோங் உடைகள் தைத்துப் பிழைத்தவர். வேலை முடிந்த மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். துணி வெட்டும் பெரிய கத்தரியைக் காணவில்லையாம். தையல் மெஷின் இழுப்பறையில்தான் வைத்திருந்தாராம். நான் கீழே போய் அவரைக் கேட்டேன். “ஐயோ பாவம், வயசாயிடுச்சு, எங்கயாவது வெச்சிருப்பாங்க,” என்றார். அந்த அம்மா மறுபடி அழைத்தார். மூன்றாவது முறையும் அழைத்தார். ஒவ்வொரு முறையும் நான் மரியாதையாக மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அண்ணே குடும்பத்தோடு வந்து என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். திறந்தேன். பெரிய தையல் கத்தரி, விரல் வளையங்களில் புதுக் கறுப்பு வண்ணம்.

எனக்குப் புரிந்தது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். குழந்தை மாதிரி என் பாராட்டுக்காகக் காத்திருந்தார். சுற்றிலும் உறவுக்காரர்கள். “அழகா இருக்குண்ணே,” என்றேன்.

அந்தக் கத்தரியை உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துண்டுத் துணியை எடுத்து வெட்டினார். துணி அறுபடவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே சப்பிப் போட்டதுபோல மடிந்துகொண்டது. “இது என்னோடது இல்லைம்மா,” என்று மலாயில் சொல்லி, என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்.

செல்வராசு புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தச்சர். பட்டறையில் மின்சார இழைப்பு மெஷின்கள் நான்கு இருந்தும், கதவு கடைசியாகச் சட்டத்தில் உட்காரும் நேரத்தில் அவர் தன் கருவிப் பெட்டியிலிருந்து மர இழைப்புளியை எடுப்பார். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. நிறம் மங்கி, கை படும் இடம் மட்டும் குழிந்து கறுத்துப்போயிருக்கும். மரத்தில் ஒரு தள்ளு தள்ளினால் வெங்காயச் சருகுபோலச் சுருள் வரும்.

ஒருமுறை அதன் பக்கவாட்டை எனக்குக் காட்டினார். காம்பஸ் முள்ளால் கோணல்மாணலாக ஒரு பெயர் கீறியிருந்தது.

“என் பொண்ணுக்கா. போன தடவ லீவுல போயிருந்தப்ப எழுதி வெச்சிருக்கா. யாழினின்னு எழுதணும். ழி-க்குக் கொக்கி போட மறந்துட்டா பாருங்க.”

யாழனி என்றிருந்தது. “டீச்சர்கிட்ட அடி வாங்குவா,” என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பட்டறையின் நடுவே மேசை ரம்பம் இருந்தது. சுழலும் பல்லின் மேல் ஒரு பாதுகாப்பு மூடி இருக்கவேண்டும். அந்த ஆண்டு வேலை குவிந்தது. மூடி இருந்தால் பெரிய பலகைகளைத் தள்ளத் தாமதமாகிறது என்று மேற்பார்வையாளரே ஒரு நாள் அதைக் கழற்றிவிட்டார். கழற்றியதை ஸ்டோரில் பெயின்ட் டின்களுக்குப் பின்னால் வைத்தார். டின்களைச் சரிபார்க்கப் போனபோதெல்லாம் நான் அதைப் பார்த்தேன். இரண்டு மாதம் பார்த்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, ரம்பத்தின் சத்தம் திடீரென்று மாறியது. அதன் பிறகு சத்தமே இல்லை. நான் படியிறங்கி ஓடினேன். செல்வராசு தரையில் உட்கார்ந்திருந்தார். யாரோ அவருடைய இடது கையைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. “விரலைப் பாருங்க, விரலைப் பாருங்க,” என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள். மற்றவர்கள் அவரைத் தாங்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

செல்வராசுவின் கைப்பேசியை எடுக்க நான் மறுபடி உள்ளே போனேன். அங்கே அண்ணே மட்டும் இருந்தார். கையில் ஸ்பேனர். ரம்பத்தின் மேல் குனிந்து பாதுகாப்பு மூடியை முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசித் திருகை இறுக்கிவிட்டு, வெள்ளைக் கைக்குட்டையால் மூடியின் விளிம்பைத் துடைத்தார். கைக்குட்டையை மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது ஈரமாகச் சிவந்திருந்தது.

“மா, போன் இருக்கா? இத ஒரு போட்டோ எடு.”

எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று என் கணவர் பிறகு கேட்டார். அண்ணே சொன்னார், எடுத்தேன். எட்டு ஆண்டுகளில் அப்படித்தான் பழகியிருந்தேன்.

அவர் தினமும் மருத்துவமனைக்குப் போனார், சூப் வாங்கிக்கொண்டு. முதலாளியே நெகிழ்ந்துபோனார். மதிய உணவு வேளையில் அவர் கீழே ஏதோ தேய்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் ஒரு கையெழுத்துக்காக இறங்கிப் போனேன். மேசையில் பொருத்திய இடுக்கியில் செல்வராசுவின் இழைப்புளி. அதன் தகட்டைத் தனியே கழற்றிச் சாணை மெஷினில் பிடித்திருந்தார். பொறி பறந்தது. தகட்டின் நுனியில் புறாக் கழுத்துபோல நீலம் ஓடியிருந்தது.

“கலர் பாத்தியா மா!”

“அண்ணே, அது செல்வராசுவோடதுல்ல?”

“ஆமா. அவனுக்குத்தான் லா செய்யறேன். திரும்பி வர்ற அன்னிக்கு சர்ப்ரைஸ். நீ வாயைத் திறக்காத.”

பிறகு உப்புத்தாளை எடுத்து மரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். பக்கவாட்டில் ‘யா’ ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ‘ழனி’ இருந்தது.

“அந்த எழுத்து...” என்றேன்.

“கீறல் மா. யாரோ கிறுக்கி வெச்சிருக்கானுங்க.”

“அவரு பொண்ணு எழுதினதுண்ணே. பேரு.”

அவர் கையை நிறுத்தினார். குனிந்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

“பிள்ளை பெருசானா இன்னும் அழகா எழுதும் மா,” என்றார். உப்புத்தாள் மறுபடி நகர்ந்தது. நான் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

செல்வராசு இலகுவான வேலைக்குத் திரும்பிய நாளில் எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் வந்தது. விபத்தை விசாரிக்கும் அதிகாரி அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அண்ணே சாப்பாட்டு மேசைகளை ஒன்றாகப் போட்டு, நடுவில் செல்வராசுவை உட்கார வைத்தார். இடது கை கட்டோடு மடியில் கிடந்தது. நாடா கட்டிய பெட்டியை அவர் முன்னால் வைத்து, “பிரி, பிரி,” என்றார். செல்வராசுவால் ஒரு கையால் நாடாவை அவிழ்க்க முடியவில்லை. அவரே அவிழ்த்துக் கொடுத்தார்.

இழைப்புளி வார்னிஷில் நனைந்து தேன் நிறத்தில் மின்னியது. கைபட்ட குழிவைக்கூட மரப்பசையும் தூளும் வைத்து நிரவியிருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். செல்வராசு அதை எடுத்து இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு அந்தப் பக்கம் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

“சார், இதுல என் பொண்ணு பேரு இருந்துச்சு.”

“புதுசா ஆயிடுச்சுல்ல!” அவர் செல்வராசுவின் தோளைத் தட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “இவன் என் தம்பி மாதிரி. இவனுக்கு ஒரு குறையும் வர விடமாட்டேன்.” குரல் உடைந்தது. பிறகு ஒரு லட்டைக் கிள்ளி, செல்வராசுவின் வாயில் தானே ஊட்டினார். அந்த விரல் அவருடைய உதட்டுக்குள் போய் வந்ததை நான் கைப்பேசித் திரையில் பார்த்தேன். படம் எடுக்க என்னைத்தான் நிற்க வைத்திருந்தார்கள். செல்வராசு லட்டை மெல்லவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வராசுவே அழைத்தார். “அக்கா, ஜாலான் புசார்ல ஒரு ஹார்டுவேர் கடைக்கு வர முடியுமா? எனக்கு இங்கிலீஷ்ல சொல்லி வாங்கத் தெரியாது.”

நடந்தே போனேன். கடைவாசலில் இழைப்புளியை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒற்றைக் கையால் ஒரு பலகையில் தள்ளிப் பார்த்தாராம். மூன்றாவது தள்ளலிலேயே தகட்டின் முனை மடிந்துவிட்டதாம். அதே அளவில் வேறு தகடு வேண்டும்.

கடைக்காரர் வயதான சீனர். தகட்டைக் கழற்றி, நீலம் ஓடிய இடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஓர் அரத்தை எடுத்து நுனியில் வைத்து இழுத்தார். வெண்ணெயில் இறங்குவதுபோல அரம் இறங்கியது.

“சாஃப்ட் ஆல்ரெடி லா,” என்றார். சாணையில் சூடேற்றியே இரும்பின் உரத்தைப் போக்கிவிட்டார்கள், இனி இதைப் பார்க்கத்தான் முடியும், இதனால் வெட்ட முடியாது என்று விளக்கினார். நான் தமிழில் சொன்னேன்.

“யார் இப்படிச் செய்தது?” என்று கடைக்காரர் கேட்டார்.

“எங்கள் சூப்பர்வைசர். இவருக்குப் பரிசாக.”

கடைக்காரர் செல்வராசுவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். “அந்த ஆளுக்கு இவன் மேல் கோபமா?”

அதையும் மொழிபெயர்த்தேன். செல்வராசு வாய்விட்டுச் சிரித்தார். “இல்லக்கா. ரொம்பப் பாசம்னு சொல்லுங்க.”

அந்த அளவில் தகடு கிடைக்கவில்லை. பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னார். மருத்துவமனையில் சூப்பை ஊட்டிவிட்டுக்கொண்டே, “மூடியை நானே கழற்றினேன்” என்று அதிகாரியிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார் அண்ணே. அப்படிச் சொன்னால் முதலாளியிடம் பேசி வேலையில் வைத்துக்கொள்வாராம், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம்.

“சொல்லப் போறீங்களா?”

“சொல்றதாத்தான் இருந்தேன். இதக் குடுத்தாரு பாருங்க, அதுக்கப்புறம் வாய் வரலக்கா.” பையைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தார். “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களுக்கு வீட்டுக் கடன் இருக்கு, கைப்பிள்ளை இருக்கு. எனக்குத் தெரியும்.”

அவர் என்மேல் குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை அந்தக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். என்னை விட வயதில் சிறிய பெண். அவருடைய கேள்விகள் எளிமையாகவே இருந்தன. என் முறை வருவதற்கு முன் அண்ணே என் மேசைக்கு வந்து, என் தலை மேல் கை வைத்து, “நாமெல்லாம் ஒரே குடும்பம் மா,” என்றார். அந்தக் கையின் ஈரம் என் முடியில் ஒட்டியது. உள்ளே போய் உட்கார்ந்தபோதும் அது அங்கேயே இருந்தது.

“விபத்தின்போது மூடி இருந்ததா?” என்று அதிகாரி கேட்டார்.

“இல்லை,” என்றேன். “இரண்டு மாதமாக ஸ்டோரில் இருந்தது. கழற்றியவர் எங்கள் மேற்பார்வையாளர். விபத்துக்குப் பிறகு அவரே திருப்பி மாட்டினார். மாட்டியதைப் படம் எடுத்தது நான்.” கைப்பேசியை மேசை மேல் வைத்தேன். படத்தில் நேரம் இருந்தது. மூடியின் அடியில் அவர் துடைக்காமல் விட்ட ஒரு துளியும் இருந்தது.

இதைத் தைரியம் என்று என் தோழிகள் சொல்கிறார்கள். இல்லை. வாந்தி எப்படி வருமோ அப்படித்தான் வந்தது.

விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. செல்வராசுவின் மேல் தவறில்லை என்று முடிவானது. அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்தபின் ஊருக்குப் போனார். இப்போது கதவு, ஜன்னல் செய்து விற்கும் ஒரு கடையில் அளவெடுத்துக் கொடுக்கிறார். நிறுவனம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு முன்பே மேற்பார்வையாளரை அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய கடைசி நாளில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டிவிட்டு உள்ளே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். மீசையில் சாயம் போய் வெள்ளை தெரிந்தது. என் எதிரில் வந்து, என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

“நான் உன்ன மன்னிச்சிட்டேன் மா,” என்றார். “மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நல்லா இரு.”

கையை உருவிக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன். எச்சிலும் இரும்பும் கலந்த அந்த வாடை அடித்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காத்துக்கொண்டிருந்தார்.

“தேங்க்ஸ்ணே,” என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.